மரங்கொத்தியின் சிவப்புத் தலை

அந்தக் காலத்தில் பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சுப் பேசினார்கள். மரங்கொத்தியும் பேசும். பாட்டு மட்டும் வராது. வாயைத் திறந்தால் கரகரவென்றுதான் இருக்கும்.

அது குடியிருந்த காட்டோரம் யூதர்களின் சிற்றூர் ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள் பிறந்துவிடும். அப்புறம் அடுப்பு மூட்டக் கூடாது, விளக்கேற்றக் கூடாது. வேலையில் மூழ்கிக் கிடப்பவர்களுக்கு நேரம் தெரியுமா? அதனால் செலிக் என்பவர் தெருத்தெருவாகப் போய், "விளக்கேற்றுங்கள்!" என்று கூவுவார். நல்ல வெண்கலக் குரல். கடைசி வீட்டுப் பிரைனாவுக்குக் காது கேளாது. அவளுக்கு மட்டும் உள்ளே போய்க் கையை ஆட்டிச் சொல்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை செலிக்குக்குக் காய்ச்சல் வந்து தொண்டை அடைத்துவிட்டது. சன்னலில் உட்கார்ந்த பறவைகளிடம், "யாராவது போய்ச் சொல்லுங்களேன். ஊரே இருட்டில் உட்காரப் போகிறது" என்று முனகினார்.

வானம்பாடி போயிற்று. என்ன பாட்டு அது! கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எல்லோரும் வாய்பிளந்து கேட்டார்கள். விளக்கை யார் நினைத்தார்கள்? அடுத்து வாத்து போயிற்று. "நல்ல கொழுப்பாக இருக்கிறதே!" என்று தையற்காரர் துரத்த, தலைதெறிக்கத் திரும்பி வந்தது.

சூரியன் மர உச்சியைத் தொட்டுவிட்டது.

"நான் போகட்டுமா?" என்றது மரங்கொத்தி.

"உனக்கு ஏதடா பாட்டு?" மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தது வாத்து.

"பாட்டு எதற்கு? அலகு இருக்கிறதே."

வீட்டுக்கு வீடு சன்னல் கதவில் மூன்று தட்டு. டொக், டொக், டொக். திறந்து பார்த்தால் பறவை இல்லை, அது அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும். சாய்கிற சூரியன்தான் கண்ணில் படும். "ஐயோ, நேரமாச்சு!"

கடைசி வீட்டில் பிரைனா சன்னலோரப் பலகையில் பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தாள். பலகை அதிர்ந்தது, அவள் உள்ளங்கையும் அதிர்ந்தது. சட்டென்று கதவைத் திறந்தாள்.

"ஊருக்குக் கேட்டது எனக்கும் கேட்டதே, ராசா!" என்று, சாறு வழியும் கையாலேயே அதன் தலையைத் தடவினாள். பிறகு ஓடிப்போய் விளக்கேற்றினாள்.

அடுத்த வாரம் செலிக்குக்குக் குரல் திரும்பிவிட்டது. ஆனாலும் அவர் கூவவில்லை. மரத்தில் ஒரு சிறு சுத்தியல் செய்துகொண்டு, முதலில் பிரைனாவின் சன்னலைத்தான் தட்டினார்.

ஓய்வுநாளைச் சுத்தியலால் தட்டிச் சொல்லும் வழக்கம் அந்த ஊருக்கு வந்தது அன்று முதல்தான். மரங்கொத்தியின் தலையில் இருக்கிறதே சிவப்பு, அது அன்றைக்குப் பட்ட சாறு. எத்தனையோ மழை பெய்துவிட்டது. மரங்கொத்தி அதைக் கழுவ விடவில்லை.