குழியில் வந்த இரட்டைப் பங்கு

கருமலைக் காட்டில் மழை பிடித்துக்கொண்டால் ஒரு மாதத்துக்கு விடாது. வளைகளில் தண்ணீர் ஏறிவிடும். சேர்த்து வைத்த தானியம் முளைத்துப் போகும். அதனால் சின்னப் பிராணிகள் எல்லாம் மழைக்கு முன்பே தங்கள் வரகையும் தினையையும் ஒரு பாறைக் குகையில் கொடுத்து வைக்கும். அந்தக் குகைக்கு ஊசியன் என்ற முள்ளம்பன்றி காவல்.

கொடுப்பவர் ஒரு களிமண் வில்லையில் தன் முன்காலைப் பதித்துத் தானியத்தோடு வைத்துவிட்டுப் போவார். அதே அடையாளம் குகைக்குள் எந்தக் குழியின் மூடியில் இருக்கிறதோ, அந்தக் குழியில் ஊசியன் தானியத்தைக் கொட்டுவான். திரும்ப எடுக்க வரும்போது அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வான். அடுத்தவர் குழியை எட்டிப் பார்ப்பது அங்கே பெரிய மரியாதைக் கேடு.

அந்த வருஷ மழையின் மூன்றாம் நாள், வரிச்சி என்ற அணில் தன் குழியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் கொடுத்தது இருபது பிடி வரகு. குழியில் இருந்ததோ நாற்பது பிடி!

மேலே கிடந்த வரகு அவள் கொண்டுவந்ததே இல்லை. அவளுடையது புடைக்காத வரகு. இதுவோ உமி நீக்கி, கல் பொறுக்கி, பார்க்கவே அழகாக இருந்தது. யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து சுத்தம் செய்திருக்கிறார்கள் என்று வரிச்சிக்கு நன்றாகவே தெரிந்தது.

“என்ன வரிச்சி, எல்லாம் சரியா இருக்கா?” என்று திரும்பாமலே கேட்டான் ஊசியன்.

“இருக்கு அண்ணே” என்றாள் வரிச்சி.

வாய் முந்திக்கொண்டது. வரிச்சி கெட்டவள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னபோது அவள் பொய்தான் சொன்னாள்.

அவள் பல நடை நடந்து வரகை எல்லாம் தன் மரப்பொந்துக்குக் கொண்டு சேர்த்தாள். பக்கத்துக் கிளையில் இருந்த மைனா எண்ணிக்கொண்டே இருந்தது.

“அடியே, உனக்கு ஏதுடி இவ்வளவு?”

வரிச்சி நடந்ததைச் சொன்னாள். “நாளைக்குப் போய்ச் சொல்லிடணும்” என்றாள்.

“பைத்தியமா உனக்கு? நீ திருடினியா? இல்லை! பொய்யா ஏதாவது கேட்டியா? இல்லை! அவனே கொட்டினான், உன் குழியில கிடந்தது, நீ எடுத்தே. குகையில இல்லாத வரகா? பேசாம சாப்பிடு!”

குகைக்கு என்று தனியாக ஒரு மணி வரகு கிடையாது. அங்கே இருப்பது எல்லாமே யாரோ ஒருவருடையது. இது மைனாவுக்குத் தெரியாமல் போகலாம், வரிச்சிக்குத் தெரியும். தெரிந்தும் தலையாட்டினாள். அன்று அவள் பிள்ளைகள் இரண்டும் வயிறு முட்டத் தின்றன. மைனாவுக்கும் ஒரு பங்கு போனது.

மறுநாள் நல்ல மழை. ‘இந்த மழையில் எப்படிப் போவது?’ என்று இருந்துவிட்டாள். அதற்கு மறுநாள் குகைப் பக்கம் ஒரே கூச்சல். வரிச்சி ஓடிப்போய்ப் பார்த்தாள்.

வெள்ளாயி என்ற சுண்டெலி தன் குழியின் ஓரத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள். குழி காலி.

“இருபது பிடி கொடுத்தேன் அண்ணே! நானே உக்காந்து உமி நீக்கிக் கொடுத்தேன். வளைக்குள்ள தண்ணி வந்துடுச்சு. கண் திறக்காத குஞ்சுங்க இருக்கு. நான் தின்னாத்தானே அதுங்களுக்குப் பால்!”

“நீ கொடுத்திருந்தா குழியில இருக்கும்” என்றான் ஊசியன். “இத்தனை வருஷத்துல எங்கிட்ட ஒரு மணி குறைஞ்சதில்லை. கொடுக்காமலே வந்து கேக்கிறியா?”

கூடியிருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? “பொய்க்காரி!” என்றது ஒரு குரல். “குஞ்சுகளைச் சொல்லி ஏமாத்தப் பார்க்கிறா!” என்றது இன்னொன்று.

வரிச்சி தன் முன்காலைப் பார்த்தாள். நான்கு விரல். வெள்ளாயியின் முன்காலையும் பார்த்தாள். அதிலும் நான்கு விரல். ஈரக் களிமண்ணில் கொஞ்சம் பரவினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஊசியன் எங்கே தவறினான் என்பது அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால், ‘இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்பார்களே! முதல் நாள் சொல்லியிருந்தால் நல்லவள் என்று பெயர் வாங்கியிருப்பாள். இப்போது சொன்னால் திருடி என்பார்கள். அந்தப் பயத்தில் அவள் வாயே திறக்கவில்லை. வெள்ளாயி தலையைக் குனிந்துகொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

அதன் பிறகு வரிச்சிக்கு ஒரு பிடி இறங்கவில்லை. பிள்ளைகள் அந்தச் சுத்தமான வரகைக் கொறிக்கும் சத்தம் கேட்டாலே பொந்தை விட்டு வெளியே போய்விடுவாள். இன்னும் ஒரு நாள் அப்படியே போனது. அடுத்த நாள் காலையில் அவள் ஊசியனிடம் போய் நின்றாள்.

“அண்ணே, வெள்ளாயி வரகு என் குழியில இருந்தது. நான்தான் எடுத்தேன்.”

ஊசியன் அவள் பக்கம் திரும்பினான். “உனக்கு எப்போ தெரிஞ்சது?” என்று கேட்டான்.

“என்னுது இல்லைன்னு திறந்தப்பவே தெரிஞ்சது.”

“தப்பு என்னுது” என்றான் ஊசியன். “ஆனா நீ அன்னிக்கே சொல்லியிருந்தா, ஒரு தாயைப் பார்த்து ‘கொடுக்காமலே வந்து கேக்கிறியா’ன்னு என் வாய் கேட்டிருக்காதே!”

வெள்ளாயியின் வரகில் தின்றது போக மீதி பதினாறு பிடி இருந்தது. வரிச்சி தன் பங்கிலிருந்து நான்கு பிடி போட்டு இருபதாக்கினாள். இருவரும் மழையோடு மழையாகச் சுமந்துகொண்டு வெள்ளாயியின் வளைக்குப் போனார்கள்.

வெள்ளாயி வாசலில் ஈர மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு குஞ்சு அசையாமல் கிடந்தது. எல்லாவற்றிலும் சின்னது அது. விடியும்போது போய்விட்டதாம்.

ஊசியன் அவள் காலடியில் விழுந்து மன்னிப்புக் கேட்டான். வரிச்சி வரகை வைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். ஏசட்டும், கடிக்கட்டும் என்றுதான் நின்றாள்.

வெள்ளாயி ஏசவில்லை. உள்ளே மிச்சம் இருந்த குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. ஒரு வாய் வரகை அள்ளி மென்றாள். மென்றுகொண்டே வரிச்சியை நிமிர்ந்து பார்த்தாள்.

“நேத்து வந்திருக்கலாமே அக்கா” என்றாள்.

வரிச்சி குனிந்து அந்தச் சின்னக் குழியைத் தோண்ட உதவினாள்.

தவறுதலாக நம் கைக்கு வந்த பொருள் யாரோ ஒருவர் கையிலிருந்து போனதுதான் என்பதால், தெரிந்த அந்த நிமிஷமே அதைத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.