தெய்வசிகாமணி வீட்டைச் சுத்திப் பார்த்த பதினாலு பேர்

கேள்வி கேட்ட சிஷ்யனுக்கு ஒரு குரு இப்படியும் பதில் சொல்லுவாங்களா? மணியாரம்பட்டணத்துல ஒருத்தி சொன்னா. கேட்டவருக்கு இன்னும் படபடப்பு அடங்கலையாம்.

குரு பேரு ரோசலின். வயசு முப்பத்திமூணு. கடலோரத்துல இருக்கற அந்தப் பழைய ஊருக்கு வர்றவங்களைக் கோட்டை, கலங்கரை விளக்கம், பண்டகசாலைன்னு கூட்டிட்டுப் போய்க் காட்டற கைடு. கையில எப்பவும் ஒரு செகப்புக் குடை இருக்கும். வெயிலுக்கு இல்ல, கூட்டம் வழி தவறாம இருக்கறதுக்கு.

சிஷ்யன் பேரு தெய்வசிகாமணி. வயசு அறுபத்திரெண்டு! வரலாறு வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. மூணு வருஷம் முன்னாடிதான் விழுப்புரத்துலேருந்து வந்து வீடு வாங்கிக் குடியேறினாரு. கைடு ஆகணும்னு ஒரே துடிப்பு. ரோசலின் கையெழுத்துப் போட்டாத்தான் அடையாள அட்டை கிடைக்கும். அதுக்காக ரெண்டு மாசமா தண்ணி பாட்டில் பையைச் சுமந்துக்கிட்டு கூட்டத்துக்குக் கடைசியில நடந்தாரு. சிஷ்யன் வாயைத் தொறக்கக் கூடாது, அதான் சட்டம். முப்பது வருஷம் பேசியே பொழைச்ச மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஒரு ஞாயித்துக்கிழமை ரோசலினுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. "இன்னிக்கு நான் வரல. நீங்களே கூட்டிட்டுப் போங்க சார்"னுட்டா.

மனுஷன் பொளந்து கட்டினாரு. கூட்டம் வாயைப் பொளந்து கேட்டுச்சு. கடைசியா மரைக்காயர் தெரு. அங்க பகல்ல எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது. கடக்காத்து உள்ள வரட்டும்னு தொறந்தே போட்டிருப்பாங்க, ஒரு துணித்திரை மட்டும் ஆடிக்கிட்டிருக்கும். ரோசலினா இருந்தா தெருவுல நின்னபடியே தூணையும் கதவு வேலைப்பாட்டையும் காட்டிட்டு நகர்ந்துடுவா. இவரு ஒரு பச்சைக் கதவு வீட்டுத் திரையை ஒதுக்கி அத்தனை பேரையும் உள்ள விட்டுட்டாரு. ஊஞ்சல்ல ஒருத்தர், முற்றத்துல நாலு பேருன்னு போட்டோவா எடுத்துத் தள்ளினாங்க. வெளிய வந்ததும் இவருக்குக் கைதட்டல் வேற.

மறுநாள் அந்தப் பெருமையோட வந்து நின்னாரு.

"குருவே, ஒரு சந்தேகம். கதவை வெளிய நின்னு பாத்து என்ன ஆகப் போகுது? ஊருங்கறது உள்ள இருக்கற மனுஷங்கதானே? நீங்க ஏன் வாசலோட நிறுத்திடறீங்க?"

"யார் வீட்டுக்குள்ள போனீங்க?"

"அந்தப் பச்சைக் கதவு வீடு."

ரோசலின் முகம் செத்துப் போச்சு.

"ஞாயித்துக்கிழமை பதில் சொல்றேன் சார்" அப்படின்னுட்டுப் போயிட்டா.

அடுத்த ஞாயிறு பதினாலு பேரு வந்தாங்க, சேலத்துக்காரங்க. முன்னாடி குடை, பின்னாடி தண்ணிப் பையோட இவரு. கலங்கரை விளக்கம் தாண்டினதும் வழக்கமா சோத்தாங்கைப் பக்கம் திரும்பணும். குடை பீச்சாங்கைப் பக்கம் திரும்புச்சு.

இவரு ஓடிப் போய், "ரோசலின், அது காலனிக்குப் போற வழி!"ன்னாரு.

"சிஷ்யன் பேசக் கூடாது."

ரெண்டாவது சந்து. மூணாவது சந்து. இவரோட தெரு. இவரோட கேட்டு!

"வாங்க, வாங்க, செருப்போடயே வரலாம்"னா ரோசலின். "முப்பத்தோரு வருஷம் பழைய கட்டடம். ஒரு வரலாறு வாத்தியார் இருக்காரு. இது அவரு சாயற நாற்காலி. உக்காந்து பாருங்க."

உக்காந்தாங்க! ஒருத்தர் சாஞ்சுக்கிட்டு செல்ஃபி எடுத்தாரு. ஒரு அம்மா மாத்திரை டப்பாவைத் தொறந்து, "சுகர் இருக்கும்போல"ன்னாங்க. கொடியில காஞ்ச பனியனைக்கூட விடல. "ஓட்டைய மட்டும் கிட்டத்துல எடு"ன்னு ஒரு சிரிப்பு. இவரு சம்சாரம் அமிர்தவல்லி அடுப்படியிலேருந்து மோரு கொண்டாந்து எல்லாருக்கும் குடுத்தாங்க.

"என்னடி நடக்குது இங்க?"

"ரிட்டையர் ஆனப்புறம் உங்களைப் பாக்க இவ்வளவு கூட்டமா! நல்லா நில்லுங்க, போட்டோல விழுந்துடுவீங்க"ன்னாங்க அமிர்தவல்லி. ஆனா அவரு முகத்தைப் பாக்காமயே அடுத்த டம்ளரை நீட்டினாங்க.

அப்பத்தான் ஒரு பொண்ணு சுவத்தைக் காட்டினா. "சார், இங்க ஒரு படம் மாட்டியிருந்துச்சா? ஆணி இருக்கு. சதுரமா அந்த இடம் மட்டும் வெளுப்பா இருக்கு பாருங்க."

பதினாலு பேரும் திரும்பினாங்க. அது அவரு மகளோட படம் இருந்த இடம். தனக்குப் புடிச்சவனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு போன வருஷம் அவரே கழட்டி வச்சாரு. பத்து மாசமா வீட்டுல ரெண்டு பேரும் அந்தச் சுவத்தை நிமிந்து பாக்கறதில்ல.

கிளிக். இன்னொரு கிளிக்.

தெய்வசிகாமணிக்கு வாய் தொறந்துச்சு, சத்தம் வரல. கையில இருந்த பை கீழ விழுந்து பாட்டிலெல்லாம் உருண்டுச்சு. ரோசலின் உடனே குடையை வாசப்பக்கம் நீட்டி, "போதும், கெளம்புங்க"ன்னா. கூட்டம் தெருமுனை டீக்கடைக்கு நகர்ந்துச்சு.

இவரு கேட்டைப் புடிச்சுக்கிட்டு கத்தினாரு. "கையெழுத்துப் போட மாட்டேன்னு நேராச் சொல்லியிருக்கலாமே! கேக்காம கொள்ளாம என் வீட்டுக்குள்ள..."

"கேட்டேன் சார். திங்கக்கிழமை உங்க வீட்டம்மாகிட்ட வந்து கேட்டேன், முடியாதுன்னாங்க. செவ்வாயும் முடியாதுன்னாங்க. புதன்கிழமை, ஏன் எதுக்குன்னு முழுசா சொன்னேன். ராத்திரி பூரா யோசிச்சுட்டு வியாழக்கிழமை சரின்னாங்க."

இவரு திரும்பி அமிர்தவல்லியைப் பாத்தாரு. அவங்க டம்ளரை எல்லாம் பொறுக்கிக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

"நானும் கேட்டேன்"னாரு, குரல் எறங்கிப் போயி. "வரலாமாம்மான்னு கேட்டுட்டுத்தான் திரையை ஒதுக்கினேன். அந்தம்மா தலையில துணியை இழுத்துப் போட்டுக்கிட்டு தூணுக்குப் பின்னாடி சுவத்தப் பாத்து நின்னுட்டாங்க. புடிக்கலைன்னா, வெளிய போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

ரோசலின் குடையை மடக்கினா.

"அவங்க புருஷன் மௌத்தாகி அன்னிக்கு நாப்பதாவது நாள் சார். இத்தா இருக்காங்க, புருஷனுக்காகத் துக்கம் காக்கறது. நாலு மாசம் பத்து நாள் வெளி ஆம்பளை கண்ணுல படாம, காதுல தன் குரல்கூட விழாம உள்ளயே இருக்கணும்னு உக்காந்திருக்கறவங்க. வெளிய போங்கன்னு உங்ககிட்ட எந்தக் குரல்ல சொல்லுவாங்க?"