மோட்டார் நிற்கக் கூடாது

சென்னைக்குத் தெற்கே, ஏரி இருந்த இடத்தில் கட்டிய அடுக்குமாடி ஒன்று. அங்கே குடியிருக்கிறவர்கள் தங்கமான மனுஷர்கள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். வினையே அதில்தான்.

கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்துகிற தளம். அதன் மூலையில் ஒரு குழி, குழிக்குள் ஒரு மோட்டார். மழைத் தண்ணீர் குழியில் நிறைந்தால் மிதவை எழும்பும். மோட்டார் தானே ஓடித் தண்ணீரை வெளியே தள்ளும். குழி காய்ந்தால் தானே நின்றுவிடும். இவ்வளவுதான் சங்கதி.

அந்த ஐப்பசியில், அங்கே குடியிருந்த சாரங்கபாணியின் மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். சீருக்கு வாங்கின இலவம்பஞ்சு மெத்தை லிஃப்டுக்குள் நுழையவில்லை. அதனால் கீழ்த்தளத்திலேயே போட்டுவைத்தார்கள்.

"மெத்தை நனைஞ்சா சம்பந்தி முன்னாடி நான் எப்படித் தலைநிமிர்ந்து நிப்பேன்?" என்று சாரங்கபாணிக்குச் சோறே இறங்கவில்லை.

மெக்கானிக் எபினேசர் ஊருக்குக் கிளம்பும்போது குடியிருப்போர் சங்கச் செயலாளர் பூவராகனிடம் சொல்லிவிட்டுப் போனார்: "சார், குழியில தண்ணி ஊத்திப் பாருங்க, மோட்டார் ஓடும். மழைக்காலத்துல மட்டும் அது நிக்காம பாத்துக்கங்க. நின்னுச்சு, மெத்தை போச்சு!"

மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. வாளியோடு இறங்கிய பூவராகன் திகைத்து நின்றார். குழியில் பாதிக்குத் தண்ணீர்.

"இதுல ஏற்கெனவே தண்ணி இருக்கே! நாம எங்க ஊத்துறது?"

"மொதல்ல இதை மொண்டு வெளியே வைப்போம். அப்புறம் ஊத்திப் பாப்போம்," என்றார் மூன்றாம் மாடி மேகலா.

"பேஷ்! சோதனைன்னா முறையா நடக்கணும்."

இடுப்பு ஒடிய மொண்டார்கள். மொண்டதையெல்லாம் திரும்ப ஊற்றினார்கள். மழையும் தன் பங்குக்கு ஊற்ற, மோட்டார் உறுமியது. சாரங்கபாணி அந்த இடத்திலேயே சூறைத் தேங்காய் உடைத்தார்.

சாயங்காலம் மழை விட்டது. குழி காய்ந்தது. மோட்டார் நின்றது.

"ஐயையோ, நின்னுடுச்சே! என் பொண்ணு மெத்தை போச்சே!" என்று சாரங்கபாணி தலையில் அடித்துக்கொண்டார்.

உடனே சங்கம் கூடியது.

"ஏன் நின்னுச்சு?" என்றார் பூவராகன்.

"குழியில தண்ணி இல்ல," என்றார் மேகலா.

"தண்ணி ஊத்தினா ஓடும்னு எபினேசரே சொல்லியிருக்காரே! ஊத்துங்க!"

ஊற்றினார்கள். ஓடியது. நின்றது. மறுபடி ஊற்றினார்கள். மொட்டைமாடித் தொட்டி காலியானது. குளிக்காமல், பாத்திரம் கழுவாமல், வீட்டுக் குடத்தையெல்லாம் கவிழ்த்தார்கள். கடைசியில் தண்ணி லாரிக்குப் போன் போட்டார்கள். லாரிக்காரர் வாசல் சரிவில் குழாயைத் திறந்துவிட, லோடு முழுக்கக் கீழே பாய்ந்தது. மோட்டார் நிற்காமல் ஓடியது. "அப்பாடா," என்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். லாரி மட்டும் வந்துகொண்டே இருந்தது.

எபினேசர் திரும்பி வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. மோட்டார் தள்ளியதைவிட லாரி கொட்டியது அதிகம்; கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர். ஊறிப்போன மெத்தையின் மேல் சாரங்கபாணி பெருமையாக உட்கார்ந்திருந்தார்.

"மழை விட்டு எத்தனை நாளாச்சு! மெத்தை எப்படி சார் நனைஞ்சுது?" என்று அலறினார் எபினேசர்.

சாரங்கபாணி நெஞ்சை நிமிர்த்தினார். "மழைத் தண்ணி ஒரு சொட்டு பட விடலையே தம்பி! இது அத்தனையும் காசு குடுத்து வாங்கின குடிதண்ணி!"