இசக்கிப்பாண்டியின் ஆமாம்

தாணுமூர்த்தி முப்பத்துநாலு வருஷம் கணக்கு வாத்தியார். அதில் கடைசி ஒன்பது வருஷம் தலைமையாசிரியர். ஓய்வு பெற்ற கையோடு சட்டம் படித்து, அறுபத்திரண்டு வயதில் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, தன்னைவிட இருபது வயது இளையவரான வக்கீல் எஸ்தர் ராஜகனியிடம் ஜூனியராகச் சேர்ந்தார். கோர்ட் கேன்டீனில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வதில் என்ன வெட்கம் என்பது அவர் கட்சி.

ஒரு திங்கட்கிழமை காலை, ஜெயிலில் இருந்து நேராக ஆபீசுக்கு வந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"மேடம், இசக்கிப்பாண்டிதான் தீ வச்சிருக்கான். என்கிட்டயே ஒத்துக்கிட்டான்."

எஸ்தர் கையில் இருந்த கேஸ் கட்டை மூடி வைத்தார்.

இசக்கிப்பாண்டி டீக்கடைக்குத் தண்ணீர் சுமக்கிறவன். உடம்புக்கு வயது இருபத்தேழு, மனசுக்கு ஏழெட்டு இருக்கும். கடைக்குப் பின்னால் இருந்த கயிற்றுக் கிடங்கு பட்டப்பகலில் எரிந்து, உள்ளே இருந்த காவலாளி கருகிச் செத்தார். வேடிக்கை பார்த்து நின்ற கூட்டத்தில் இருந்து போலீஸ்காரர்கள் இவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சாட்சி விசாரணை முடிந்துவிட்டது; நாளை, செவ்வாய்க்கிழமை, நீதிபதி அவனை நிறுத்தி நேரடியாகக் கேள்வி கேட்கப் போகிறார். அங்கே சொல்லக்கூடாததைச் சொன்னால் ஆயுசுக்கும் உள்ளேதான்.

"ஒரு மனுஷன் செத்திருக்கான் மேடம். இவன் நிரபராதின்னு பக்கத்துல நிக்க என்னால முடியாது. பேசாம ஒத்துக்கச் சொல்லிடுவோம்."

"எப்படிக் கேட்டீங்க சார்?"

"நேரடியாத்தான். நீதானே வச்சேன்னு கேட்டேன். முதல்ல இல்லன்னான். நான் விடல. எத்தனை பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன், என்கிட்ட பொய் நிக்காது."

"வாங்க, ஒரு எட்டு போயிட்டு வருவோம்" என்று எஸ்தர் எழுந்தார்.

வக்கீல்கள் கைதிகளைப் பார்க்கும் அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி. இசக்கிப்பாண்டி எஸ்தரைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"சாப்பிட்டியாப்பா?"

"ஆமாக்கா."

"காலையில இந்த சார் வந்தாங்கல்லா. உன்னை அடிச்சாங்கதானே?"

தாணுமூர்த்தி திடுக்கிட்டு நிமிர்ந்தார். எஸ்தர் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார்.

"இல்லக்கா" என்றான் இசக்கிப்பாண்டி.

"அடிச்சாங்கதானே?"

"இல்ல."

எஸ்தர் குரலைச் சற்றே இறுக்கினார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. அடிச்சாங்கதானே?"

அவன் எஸ்தரின் முகத்தையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். "ஆமாக்கா."

"பெல்ட்டாலதானே?"

"ஆமாக்கா."

"முதுகுலதானே?"

"ஆமாக்கா."

எஸ்தர் அவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, அவனுக்கு வாசித்துக் காட்டினார். அவன் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் கொடுத்தான். அவனுக்கு எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான். எஸ்தர் தாளைத் தாணுமூர்த்தியிடம் நீட்டினார்.

"இதை இப்பவே ஜெயிலர்கிட்ட கொடுத்தா, சாயங்காலத்துக்குள்ள உங்க மேல கேஸ் சார்."

தாணுமூர்த்தி தாளை வாங்கிப் படித்தார். ஒரு ஈ, எறும்பைக்கூட அந்த அறையில் அவர் தொடவில்லை. ஆனால் தாளில் அவர் பெயர் இருந்தது, பெல்ட் இருந்தது, கீழே கையெழுத்தும் இருந்தது. படிக்கிற எவனும் நம்புவான். அவருக்கே ஒரு கணம் தன் இடுப்பைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது.

"ஏய், நான் உன்னை அடிச்சேனாலே?"

"இல்ல சார்."

"பிறகு ஏம்லே ஆமான்னு சொன்ன?"

இசக்கிப்பாண்டி இதுகூடத் தெரியாதா என்பதுபோல அவரைப் பார்த்தான்.

"இல்லன்னா திரும்பத் திரும்பக் கேப்பாவ சார். ஆமான்னா விட்ருவாவ."

தாணுமூர்த்தி தாளை மடித்தார்.

"அக்கா சும்மாதான் கேட்டேன். நீ ஒண்ணும் தப்பு செய்யல" என்று எஸ்தர் அவன் தோளைத் தட்டிவிட்டு எழுந்தார்.

வெளியே வந்து இருவரும் எஸ்தரின் காரில் ஏறினார்கள். அந்தத் தாள் தாணுமூர்த்தி கையிலேயே இருந்தது.

"நாளைக்கு ஜட்ஜ் எத்தனை கேள்வி கேப்பார் மேடம்?"

"அறுபது, எழுபது. எல்லாமே 'தானே'ன்னு முடியற கேள்விதான்."

"முதல்ல டாக்டரை வச்சு அவன் மனநிலையைப் பரிசோதிக்கணும்னு மனு போடுவோம். ராத்திரி உக்காந்து நானே எழுதறேன்."

"எழுதுங்க சார்."

கார் பாலம் தாண்டியது. தாணுமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணு மேடம். ஒன்பதாம் வகுப்பு. பரீட்சைக் கேள்வித்தாள் காணாமப் போச்சு. அவதான் அந்தப் பக்கம் போனான்னாங்க. என் ரூம்ல நிக்க வச்சுக் கேட்டேன். கடைசியில ஆமா சார்னா. அன்னைக்கே டி.சி. கொடுத்து அனுப்பிட்டேன்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அவ எடுத்திருக்க மாட்டாளோ?"

எஸ்தர் சாலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஆமான்னு சொல்றதுக்கு முன்னாடி அவ எத்தனை தடவை இல்லன்னு சொன்னா சார்?"

தாணுமூர்த்தி கணக்கு வாத்தியார். வீடு வரும்வரை விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார்.