ஜப்பானில் விழுந்த கம்பு

சோலைமலைக்கு ஜப்பான் என்றால் ஒரு சத்தம்தான். பளபளவென்று துடைத்து வைத்த மரத்தரையில் ஒரு கம்பு விழுந்து, உருண்டு, மேடை ஓரத்தில் போய் நின்ற சத்தம். கம்பு அவருடையது.

யாராவது ஜப்பான் எப்படி என்று கேட்டால் ரயிலைச் சொல்வார். தெருவில் ஒரு காகிதத் துண்டு கிடக்காததைச் சொல்வார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கம்பு உருளும். பாதியில் பேச்சை நிறுத்திவிட்டு, டைல்ஸ் அட்டைப் பெட்டிகளை அங்கிருந்து இங்கே மாற்றி வைப்பார்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. மேலூரில் டைல்ஸ் கடை. கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக் கொடுத்தார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் கொட்டாம்பட்டி பஞ்சவர்ணம். வாத்தியாரம்மாவுக்கு அவரைவிட எட்டு வயது குறைவு. அதனால் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். அண்ணே என்று சொல்லிக்கொண்டே கணுக்காலில் ஒரு அடி வைப்பார்.

ஜப்பானின் தெற்கே ஒரு சிறிய ஊரில் கம்பு பழக்கும் பள்ளி ஒன்று இருந்தது. கலாசாரப் பரிமாற்றம் என்று அவர்கள் அழைத்தார்கள். இருவரும் போனார்கள். கடைசி நாள் அரங்கம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் வாத்தியாரம்மாவும் சோலைமலையும் எதிரெதிரே நின்று மோதிக் காட்டினார்கள். அந்தக் கடைசிச் சுற்றில்தான் கம்பு கையை விட்டுப் போனது.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது மட்டும் தெரியும். மரியாதை தெரிந்த ஜனங்கள், கம்பை விட்டவனுக்கும் எழுந்து நின்று தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அவமானத்தில் காது சிவந்துபோனது.

விமானத்தில் வாத்தியாரம்மா பேச்சை எடுத்தார்.

"அண்ணே, அந்தக் கடைசிச் சுத்துல..."

"வேணாங்க வாத்தியாரம்மா. அதை மட்டும் என்கிட்டப் பேசாதீங்க. கும்பிட்டுக் கேட்கிறேன்."

"சரி," என்றார் வாத்தியாரம்மா. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார்.

ஊருக்கு வந்தால் ஃபிளெக்ஸ் பேனர் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றது. 'ஜப்பானை அதிர வைத்த வீரமங்கையே வருக!' என்று போட்டிருந்தது. பேனர் அடித்தவருக்கு ஜப்பான் படம் கிடைக்கவில்லையோ என்னவோ, பின்னணியில் சீனப் பெருஞ்சுவரை ஓட விட்டிருந்தார். சுவருக்கு மேலே சோலைமலையின் பாஸ்போர்ட் படமும் சின்னதாக இருந்தது.

முதல் பாராட்டு விழாவைக் கொட்டாம்பட்டி வர்த்தகர் சங்கம் நடத்தியது. பொன்னாடை போர்த்தினார்கள், கேடயம் கொடுத்தார்கள். நாலு பேர் நெடுநேரம் பேசினார்கள். கடைசியில் மைக்கை வாத்தியாரம்மாவிடம் நீட்டினார்கள். அவருக்கு மேடைப் பேச்சு வராது. பேசச் சொன்னால் மைக்கைக் கம்பு மாதிரி நடுவில் பிடித்துக்கொண்டு நிற்பார். சோலைமலைக்கு அது தெரியும். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார் என்று நிம்மதியாக இருந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். ஜப்பானுக்குப் போனோம். அங்க எங்க சோலைமலை அண்ணன் கையில இருந்து கம்பு கீழ விழுந்துருச்சு," என்றார் வாத்தியாரம்மா.

சோலைமலை அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க, சொல்லுங்க," என்றபடி மேடையை விட்டு இறங்கினார். வாசலைத் தாண்டி, செருப்புகள் கிடந்த இடத்தையும் தாண்டி, ரோட்டுக்கே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் உள்ளே கைதட்டல் கேட்டது. தட்டட்டும், நம்மை வைத்து நாலு பேர் சிரிக்கட்டும் என்று நின்றார்.

திரும்பி வந்தபோது சங்கத்துத் தலைவர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார். துக்க வீட்டில் பிடிப்பதுபோல இருந்தது சோலைமலைக்கு.

அதன்பிறகு அழைப்புக்குக் குறைவில்லை. பள்ளி ஆண்டு விழா, கல்லூரி விளையாட்டு விழா, இளைஞர் மன்றம், ஒரு நகைக்கடைத் திறப்பு விழாகூட. எல்லா இடத்திலும் அதே மைக், அதே வணக்கம், அதே கம்பு. வாத்தியாரம்மா 'சோலைமலை அண்ணன்' என்ற இடத்துக்கு வந்ததும் இவர் எழுந்துவிடுவார். ஒருநாள் வேனுக்கு டீசல் போட வேண்டும். ஒருநாள் மாத்திரை. ஒருநாள் காரணமே சொல்லாமல் போய்ச் சமையல் கூடத்தில் பூசணிக்காய் நறுக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தெரிந்தவர்களின் பார்வையே மாறிவிட்டதாகத் தோன்றியது. பேருந்து நிலைய டீக்கடையில், "கம்பு விழுந்த ஆளு நீங்கதானாண்ணே?" என்று கேட்டு, கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். சோலைமலை டீயை அப்படியே வைத்துவிட்டு நடந்தார். பரிதாபத்தில் போட்ட டீ அவருக்கு இறங்கவில்லை.

கல்லூரி விழாவுக்குப் போய்வந்த அவர் மனைவி வீட்டுக்கு வந்து ஆரம்பித்தாள்.

"வாத்தியாரம்மா உங்களைப் பத்தி என்ன சொன்னாங்க தெரியுமா?"

"எல்லாம் தெரியும். அந்தப் பேச்சை இந்த வீட்டுல எடுக்காதே."

"முழுசாக் கேட்டீங்களா?"

"எடுக்காதேன்னு சொன்னேன்ல."

அவளும் விட்டுவிட்டாள். ஜப்பான்காரர்கள் போனுக்கு அனுப்பிய வீடியோவையும் அவர் திறக்காமலே அழித்திருந்தார்.

ஒரு தடவை தந்திரம் செய்து பார்த்தார். வேனில் போகும்போது வாத்தியாரம்மாவுக்குப் பேச விஷயம் எடுத்துக் கொடுத்தார்.

"ரயிலைப் பத்திச் சொல்லலாங்க. ஜனங்க ஆசையாக் கேட்பாங்க. அந்தச் சுத்தத்தைப் பத்திச் சொல்லலாம். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களே சோறு பரிமாறுச்சே, அதைச் சொல்லலாம்."

"நல்ல யோசனை அண்ணே," என்றார் வாத்தியாரம்மா.

மேடையில் ஏறி, "ரயில் ரொம்ப வேகம். ஊரு சுத்தம். பிள்ளைங்களே சோறு போட்டுச்சுங்க," என்று ஒரே மூச்சில் முடித்தார். பிறகு, "அங்க எங்க சோலைமலை அண்ணன்..." என்று தொடங்கினார். சோலைமலை எழுந்தார்.

மனம் இருப்புக்கொள்ளாமல் அலைந்தது. கடையில் வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அது பிள்ளைகள் மேல் இறங்கியது. முன்பெல்லாம் கம்பை நழுவ விட்டால், "எடுத்துக்கடா ராசா," என்பார். இப்போது, "கம்பை விட்டவன் வீட்டுக்குப் போகலாம்," என்றார். பிள்ளைகள் பயத்தில் கம்பை நெரித்துப் பிடித்தார்கள். உள்ளங்கை கொப்பளித்தது. இறுக்கிப் பிடித்த கையில் வீச்சு எப்படி வரும்? வரவில்லை. வராததற்கும் திட்டினார். மூன்று பிள்ளைகள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அந்த மூன்று இடமும் வரிசையில் காலியாகத் தெரியும்போது அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும் குரல் இறங்கவில்லை.

அப்போதுதான் மேலூரில் விழா என்று தேதி குறித்தார்கள். அவருடைய சொந்த ஊர். முன்வரிசையில் அவரிடம் சிலம்பம் பழகும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். கம்பை விட்டவன் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன வாத்தியாருடைய கம்பு எங்கே விழுந்தது என்று மைக்கில் கேட்பார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கொட்டாம்பட்டிக்குப் போனார். அரிசி ஆலைக்குப் பின்னால் இருந்த களத்தில் வாத்தியாரம்மா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சோலைமலை தன் கம்பை இரண்டு கையாலும் நீட்டினார்.

"என்ன அண்ணே இது?"

"வச்சுக்கங்க. நீங்க குடுத்த கம்பு. நாளைக்கு மேலூர்ல அந்தக் கதையைச் சொன்னீங்கன்னா, நான் இனிமே இதைத் தொட மாட்டேன். சிலம்பப் பள்ளியையும் மூடிருவேன்."

வாத்தியாரம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"எந்தக் கதையை?"

"தெரியாத மாதிரி கேட்காதீங்க. எவ்வளவோ பார்த்தோம் அங்க. எவ்வளவோ பேர் நல்லா நடத்துனாங்க. அதெல்லாம் விட்டுட்டு நான் கம்பை விட்டதைத்தான் ஊர் ஊராச் சொல்றீங்க. உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

கேட்டுவிட்டுக் கம்பை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

வாத்தியாரம்மா, சுவரில் சாய்த்து வைத்திருந்த தன் கம்பை எடுத்துக்கொண்டு வந்து களத்தின் நடுவில் நின்றார்.

"குடுக்கிறதுதான் குடுக்கிறீங்க. ஒரு சுத்து வந்துட்டுக் குடுங்க."

"மனசு இல்லைங்க."

"கம்புக்கு மனசு எதுக்கு அண்ணே? கால் இருந்தாப் போதும். வாங்க."

பழக்கம் விடவில்லை. சோலைமலை கம்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். இரண்டு வீச்சு, மூன்று தட்டு. வாத்தியாரம்மா இடப்பக்கம் காட்டி வலப்பக்கம் வந்தார். மணிக்கட்டுக்குச் சற்று முன்னால் ஒரு தட்டு. சோலைமலையின் கம்பு ஈர மண்ணில் விழுந்தது.

அவர் சட்டென்று இரண்டு எட்டு பின்னால் போய், சுற்றி வந்து, கம்பை எடுக்கக் குனிந்தார்.

பிடரியில் கம்பு முனை லேசாகத் தொட்டது. குனிந்தபடியே நின்றார்.

"இப்ப நீங்க எங்க இருக்கீங்க?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"உங்க கம்புக்கு அடியில."

"எப்படி வந்தீங்க?"

"கம்பு விழுந்துச்சு. எடுக்க வந்தேன்."

"ஜப்பான்ல கம்பு விழுந்தப்ப என்ன பண்ணீங்க?"

"தெரியலைங்க."

"நின்னது நீங்கதானே?"

"சத்தியமாத் தெரியலை. அது உருண்டு போன சத்தம்தான் ஞாபகம் இருக்கு. அப்புறம் எல்லாரும் எந்திரிச்சுத் தட்டுனாங்க."

கம்பு பிடரியிலிருந்து விலகியது.

"நான் மைக்குல என்ன சொல்றேன்னு முழுசாக் கேட்டிருக்கீங்களா அண்ணே?"

"எங்கிட்டுக் கேட்கிறது? என் பேரைச் சொன்னதுமே எனக்கு உசுரு போயிருது. வெளிய போயிருவேன்."

"எல்லாக் கூட்டத்துலயுமா?"

"எல்லாக் கூட்டத்துலயும்தான்."

வாத்தியாரம்மா கம்பைத் தரையில் ஊன்றி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். சிரிக்கப் போகிறாரோ என்று சோலைமலைக்குத் தோன்றியது. சிரிக்கவில்லை.

"அன்னைக்கு நீங்க குனியலை அண்ணே."

சோலைமலை நிமிர்ந்தார்.

"பின்னால போகவும் இல்லை. கம்பு அங்கிட்டு உருண்டு போகுது, நீங்க அந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பலை. வெறுங்கையோட அடுத்த காலடியை எடுத்து வச்சு என் முன்னால வந்தீங்க. கம்பை ஓங்கிட்டேன், இறக்க முடியலை. பின்னால போனேன். நீங்க இன்னொரு எட்டு வச்சீங்க. நான் இன்னும் பின்னால போனேன். மேடை முடிஞ்சுபோச்சு."

"நீங்களா?"

"நான்தான்."

"என்னைத் தேத்துறதுக்குச் சொல்றீங்க."

"எனக்குச் சொல்லிக் குடுத்த எங்க அப்பா கம்புக்கு முன்னால நின்னப்பகூட நான் பின்னால போனதில்லை. இதையும் சேர்த்துத்தான் ஒவ்வொரு ஊர்லயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். எனக்குப் பேச வராதுன்னு உங்களுக்குத் தெரியும். நெஞ்சு படபடங்குது. இருந்தும் சொல்றேன்."

சோலைமலைக்குச் சங்கத்துத் தலைவர் பிடித்த கைகள் நினைவுக்கு வந்தன. குடிக்காமல் வைத்துவிட்டு வந்த டீ நினைவுக்கு வந்தது. வரிசையில் காலியாக இருந்த அந்த மூன்று இடங்களும் வந்தன. கம்பு இன்னும் ஈர மண்ணில்தான் கிடந்தது. எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"இதை நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார்.

வாத்தியாரம்மா வாளியை எடுத்து மீதித் தண்ணீரைத் தெளிக்கத் தொடங்கினார்.

"பேசக்கூடாதுன்னு கும்பிட்டீங்க. சரி, மேடையிலயாவது கேட்பீங்கன்னு பார்த்தேன். நான் தோத்த கதையை இந்தச் சுத்துவட்டாரத்துல கேட்காத ஊரு இல்லை. ஜெயிச்ச ஆளுதான் இன்னும் கேட்கலை."