இடப்பக்கம் சாயும் முத்திரை

ஜப்பானின் நாகோயா நகரத்தில், பள்ளிக்கூட நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்றில் முத்திரைகள் ராஜ்யம் நடத்திவந்தன. மனிதர்கள் வாய் வலிக்கப் பேசினாலும் அங்கே ஒரு காரியம் நகராது. தாளில் முத்திரை விழுந்தால்தான் நகரும். அதனால் முத்திரைகளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

பிரிவுத் தலைவர் முத்திரையின் பெயர் குரோனுமா. எருமைக் கொம்பு உடம்பு, முப்பது வருஷ உழைப்பில் தேய்ந்த விளிம்பு. முத்திரைதான் என்றாலும், அவரை 'அது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு மேலே இலாகா தலைவர் தோகுரா. கீழே உசாமி, நூறு யென் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் முத்திரை. அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது.

ஒவ்வொரு தாளின் அடியிலும் மூன்று கட்டங்கள். இடது ஓரம் தோகுராவுக்கு, நடுவில் குரோனுமாவுக்கு, வலது ஓரம் உசாமிக்கு. சின்னவர்கள் நேராக விழக் கூடாது. பெரியவருக்குக் குனிந்து வணக்கம் சொல்வதுபோல இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து விழ வேண்டும். எந்த விதியிலும் எழுதாத வழக்கம் அது. குரோனுமா அதில் புலி. கீழே இருப்பவரின் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார், சாய்வார், அடுத்த தாளுக்குப் போவார்.

உசாமியும் சாய்வாள். அதில் அவளுக்கு வீம்பு கிடையாது. ஆனால் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் சாய்வாள். ஐந்தரை மணி அடித்தால் மூடியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

மார்ச் மாதக் கடைசியில் குரோனுமாவுக்கு ஓய்வு. தன் கட்டம் உசாமிக்குத்தான் போக வேண்டும் என்று அவருக்கு ஒரே ஆசை. அவளைக் கூப்பிட்டார்.

"உசாமி, நடுக்கட்டத்துக்கு உன் பேரைச் சொல்லப்போறேன்."

"கோவிச்சுக்காதீங்க ஐயா. எனக்கு வேண்டாம்."

குரோனுமாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வேண்டாமா? அந்தக் கட்டத்துக்கு வர எனக்குப் பதினேழு வருஷம் ஆச்சும்மா! உன் வயசுல நான் மூடியே போட்டதில்ல, தெரியுமா?"

"தெரியும் ஐயா. அதான் உங்க விளிம்பு இப்படித் தேஞ்சு போச்சு." கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னாள்.

"வேலை பிடிக்கலையா உனக்கு?"

"ரொம்பப் பிடிக்கும். போன வாரம் ஒரு தாள் வந்துச்சே, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க நாற்காலி. கால் தரையில படணும்னு ரெண்டு சென்டிமீட்டர் குறைச்சிருந்தாங்க. படிச்சுட்டுப் பதிச்சப்போ எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு! நடுக்கட்டத்துல தினம் இருநூறு தாள். படிக்க ஏது நேரம்? அஞ்சரைக்கு மேல எனக்கு வீட்டிலயும் வேலை இருக்கு."

"அப்படி என்ன வேலை?"

"பார்சல் வந்தா நான்தான் முத்திரை வைக்கணும். நேத்து பூ விதை வந்துச்சு."

"பூ விதைக்காகவா பதவியை வேண்டாங்கிற!"

உசாமி சிரித்தாள். பிறகு உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டாள்: "முப்பது வருஷத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச தாள் எது ஐயா?"

குரோனுமா யோசித்தார். தான் குனிந்து வணங்கிய நான்கு இலாகா தலைவர்களின் பெயரும் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒரு தாள்கூட வரவில்லை. "போ, போய் உன் வேலையைப் பார்" என்று எரிந்து விழுந்தார்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் தோகுராவிடம் போய்ப் புலம்பிவிட்டார். "இந்தக் காலத்துப் பொண்ணுக்கு முன்னேறணும்ங்கிற எண்ணமே இல்லீங்க ஐயா." தோகுரா "அப்படியா" என்றார், அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து வழக்கம்போல் தாள்கட்டு வந்தது. நடுவில் ஒரு தாளில் இரண்டே கட்டங்கள், அவருக்கு ஒன்று, தோகுராவுக்கு ஒன்று. குரோனுமா மை தொட்டார், சாயப்போனார். உசாமியின் கேள்வி உள்ளே முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. போகிற காலத்தில் ஒரு தாளையாவது படித்துத் தொலைப்போமே என்று குனிந்தார்.

'உசாமி. முனைப்பு இல்லை எனப் பிரிவுத் தலைவர் புகார். ஏப்ரல் முதல் வடகோடிக் கிடங்குக்கு மாற்றம்.'

மறுபடி படித்தார். அந்தக் கிடங்கில் சரக்குச் சீட்டைத் தவிரப் படிக்க ஒன்றும் கிடையாது. அங்கே போனால் அந்தப் பெண் வாடிப்போவாள். சொன்னது அவர் வாய்தான். ஓய்வுக்கு இன்னும் நாலே நாள். பூச்செண்டுக்கும் விருந்துக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் தோகுராவைப் பகைத்துக்கொண்டால் ஒன்றும் மிஞ்சாது. குரோனுமாவுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் சாய மனம் வரவில்லை. கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுத் தாளை மேலே அனுப்பினார்.

சற்று நேரத்தில் தோகுராவின் குரல் ஆபீசையே அதிரவைத்தது.

"குரோனுமா! முப்பது வருஷத்துல உம்ம கட்டம் காலியா வந்ததே இல்லையே. என்ன ஆச்சு உமக்கு?"

குரோனுமா நிமிர்ந்து நின்றார்.

"படிச்சுப் பார்த்தேன் ஐயா."