புல் நுனியில் எறும்பு

மலையடி மடத்துக்கு வருமுன் இசக்கியம்மாள் இருபது வருஷம் புருஷனின் கறிக்கடையில் குடலும் ஈரலும் கழுவியவள். அவன் போனபின் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு இங்கே வந்தாள். அறுப்புக்குப் போகாமல் காப்பாற்றப்பட்ட ஆடுகள் மடத்தில் இருபது இருந்தன. அவற்றை மேய்ப்பதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட தவம்.

அந்த மழைக்காலத்தில் ஏழு ஆடுகள் செத்தன. தாடைக்குக் கீழே பை போல நீர் கோர்த்து, கண் வெளுத்து, ஒவ்வொன்றாகப் படுத்தன. அறுத்துப் பார்த்தாள். ஈரல் சல்லடையாகக் கிடந்தது. உள்ளே வேப்பிலை அளவுக்குத் தட்டைப்புழுக்கள். மாட்டு டாக்டர் மருந்து ஊற்றினார். பள்ளத்துச் சேற்றில், நத்தை மொய்க்கிற புல்லில் மேய்கிறவரை இது விடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆட்டுக்குப் பதிலாக இசக்கிதான் இளைக்கிறாள் என்று மடத்துச் சமையற்காரர் கேலி செய்தார்.

மேல்சரிவு காய்ந்த நிலம். அங்கே மேய்ந்த ஊர் ஆடு ஒன்று பாறையிலிருந்து விழுந்து செத்தபோது அதையும் அறுத்துப் பார்த்திருந்தாள். அதன் ஈரலிலும் புழு. ஆனால் சீரகம் போலப் பொடிப்பொடியாக. ஈரல் அவ்வளவாகக் கெடவில்லை. ஆடு கொழுத்தே இருந்தது.

மடத்துக் குரு அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். இளைய சாமி என்று ஊரில் சொல்வார்கள். இசக்கியம்மாள் அவளிடம் போய்ப் புலம்பித் தீர்த்தாள். மீதிப் பதின்மூன்றையும் மேலே ஏற்றிவிடலாமா, இரண்டு புழுவும் பங்காளிதானே, அங்கேயும் இப்படியே சாகுமா என்று கேட்டதையே கேட்டாள்.

"எது கொடியது சாமி? அதை மட்டும் சொல்லிடுங்க."

"விடியுமுன்னே கிளம்பலாம் அக்கா."

"ஆடுகளை ஓட்டிக்கிட்டா?"

"வேண்டாம். நாம மட்டும்."

வெளிச்சம் வந்தபோது இருவரும் மேல்சரிவில் நின்றார்கள். காற்றில்லை. புல் அசையவில்லை. அங்கங்கே புல் நுனிகளில் எறும்புகள். நுனியை வாயால் கவ்விக்கொண்டு அப்படியே தொங்கின.

இசக்கியம்மாள் ஒன்றை விரலால் சுண்டினாள். விடவில்லை. பிடித்து இழுத்தாள். உடம்பு முறுகியது, வாய் திறக்கவில்லை. கையை முந்தானையில் அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"செத்துப்போச்சா?"

"உயிரோடதான் இருக்கு."

"பின்னே ஏன் இப்படி?"

"அந்தச் சின்னப் புழுவோட குஞ்சு ஒண்ணு இதோட தலைக்குள்ள உட்கார்ந்திருக்கு. குளிர்ந்தா ஏறச் சொல்லும்."

"ஏறி?"

"ஆடு வந்து புல்லோட சேர்த்துக் கடிக்கிறவரை நிக்கும்."

எறும்புகளை எண்ணத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

வெயில் சரிவில் இறங்கியது. புல் சூடேறியதும் அவள் முன்னால் இருந்த எறும்பு வாயைத் திறந்தது. தண்டு வழியே இறங்கி, கீழே போன வரிசையில் புகுந்தது. மற்றவற்றோடு மீசை உரசியது. ஒரு புல்லரிசியைத் தூக்கிக்கொண்டு நடந்தது. கொஞ்ச நேரத்தில் எது ஏறி நின்ற எறும்பு என்று அவளுக்கே தெரியவில்லை.

குனிந்து வரிசையில் அதைத் தேடினாள்.

"ராத்திரி எங்க நின்னோம்னு அதுக்குத் தெரியுமா சாமி?"

"கேட்டா, நல்லாத் தூங்கினேன்னு சொல்லும்."

இனி வெயில் ஏறியபின் ஆடுகளை இங்கே ஓட்டி வரலாம், சாயங்காலம் குளிர்வதற்குள் இறக்கிவிட வேண்டும் என்றாள் இளைய சாமி. இரண்டொரு பொடிப்புழு வயிற்றுக்குள் போனாலும் பதின்மூன்றும் பிழைத்துவிடும் என்றாள். இத்தனை நாள் இசக்கியம்மாள் கேட்கத் தவித்த வார்த்தை அதுதான். கேட்டும் நெஞ்சுப் பாரம் இறங்கவில்லை. கண் அந்த வரிசையையே சுற்றியது.

"அப்போ பெரிய புழுதான் கொடியது" என்றாள், பாதி கேள்வியாக.

இளைய சாமி சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"அது தின்ன ஏழும் கடைசி மூச்சுவரை ஆடாத்தான் இருந்துச்சு அக்கா."